அறுபது எஃப்பிஎஸ் காட்டுது, ஆனா ஏன் திக்குது? ஃபிரேம் இடைவெளியை அளந்த கதை

பம்மலிலிருந்து பேசுறேன். நான் வழக்கமா ரொம்பப் பழைய விஷயங்களைத்தான் பேசுவேன். இன்னைக்கு எடுத்திருக்கிற வரலாறு புதுசு. அதில் முக்கியமான பகுதி 2011க்கும் 2013க்கும் நடுவில் நடந்தது. கேட்கிறவங்களில் பாதிப் பேர் அப்போ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீங்க. ஒரு கேம் ஸ்மூத்தா ஓடுதா இல்லையான்னு அளக்க பல வருஷமா ஒரே ஒரு நம்பரை நம்பிக்கிட்டு இருந்தாங்க: எஃப்பிஎஸ், அதாவது ஒரு வினாடிக்கு எத்தனை ஃபிரேம். அந்த நம்பர் எதை மறைச்சது, அதை யார் வெளியே கொண்டுவந்தாங்க என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு வாங்க. பம்மல்காரங்களுக்கு அதுதான் பக்கம். பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931லிருந்து ஓடுது. ஒரு மணி நேரத்துக்கு ஆறு ரயில்னு வெச்சுக்குவோம். பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தால் நீங்க டைம்டேபிளே பார்க்க மாட்டீங்க. அதே ஆறு ரயிலும் முதல் கால் மணி நேரத்தில் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துட்டு, அப்புறம் முக்கால் மணி நேரம் ஒண்ணுமே வரலைன்னா? அப்பவும் "மணிக்கு ஆறு ரயில்" என்பது உண்மைதான். பிளாட்பாரத்தில் நிற்கிறவருக்குத்தான் அது பொய்.

கேமிலும் இதே கணக்குதான். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி செகண்ட் வருது. இப்போ ஒரு வினாடியில் 59 ஃபிரேம்கள் ஒவ்வொன்றும் 13 மில்லி செகண்டில் முடிந்துவிடுகின்றன என்று வையுங்கள். மொத்தம் 767. மிச்சம் இருக்கிற 233 மில்லி செகண்டையும் ஒரே ஒரு ஃபிரேம் சாப்பிட்டுவிடுகிறது. கால் வினாடிக்குப் படம் அப்படியே உறைந்து நிற்கும். எதிரி உங்களைச் சுட்டுட்டுப் போயிருப்பான். ஆனா கவுண்டரைப் பாருங்க, அறுபதுதான் காட்டும். கூட்டிப் பார்த்தாலும் அறுபதுதான்.

இந்த ஃபிரேம்கள் ஒரே சீரான இடைவெளியில் வருகிறதா என்பதைத்தான் ஃபிரேம் பேசிங் என்கிறார்கள். எண்ணிக்கை வேற, இடைவெளி வேற.

இந்தப் பிரச்சினை கம்ப்யூட்டரோடு பிறந்ததில்லை. நம்ம ஊர் சினிமாவின் முதல் முப்பது வருஷமும் இதே பிரச்சினைதான். 1905இல் திருச்சியில் ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, கார் உதிரிபாக வியாபாரத்திலிருந்து வந்த நடராஜ முதலியார், கீழ்ப்பாக்கத்தில் ஸ்டூடியோ வைத்து "கீசக வதம்" எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம் அதுதான். அந்தக் காலத்துக் கேமரா கையால் சுற்றுவது. புரொஜெக்டரும் பெரும்பாலும் அப்படித்தான். கேமரா கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எட்டு ஃபிரேம். வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் பதினாறு. அந்தத் தாளம் ஒருத்தருடைய மணிக்கட்டில் இருந்தது. கை களைத்தால் படமும் களைக்கும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஒவ்வொரு படத்தையும் இழுத்து நிறுத்தி, ஒளி காட்டி, அடுத்ததை இழுக்கிற வேலையை புரொஜெக்டருக்குள் ஒரு சிலுவை வடிவப் பல்சக்கரம் செய்தது. சுற்றுகிறவர் மெதுவாகச் சுற்றலாம், வேகமாகச் சுற்றலாம். ஒரு ஃபிரேமுக்கும் பக்கத்து ஃபிரேமுக்கும் நடுவில் திடீர்னு பெரிய பள்ளம் விழாது. வேகம் மாறும், ஆனா மெல்ல மாறும். அந்தக் கால ரசிகர்கள் படம் ஓடிச் சாடுவதைப் பார்த்திருப்பாங்க. இன்னைக்கு நாம ஸ்டட்டர்னு சொல்ற திக்கலைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு.

அப்புறம் பேசும்படம் வந்தது. ஒலியும் படமும் ஒரே ஓட்டத்தில் போனதும் கை சுற்றுவது முடியாமல் போனது. ஏன்னா வேகம் கொஞ்சம் ஆடினாலும் கண் விட்டுக்கொடுக்கும், காது விட்டுக்கொடுக்காது. பாட்டு சுருதி விலகிடும். அதனால் நிமிஷத்துக்கு 90 அடி ஃபிலிம் என்று ஒரே வேகத்தில் ஓடுகிற மோட்டார் வந்தது. அடிக்கு 16 ஃபிரேம். கணக்குப் போட்டால் வினாடிக்கு 24. இன்னைக்கும் தியேட்டரில் நீங்க பார்க்கிற 24 அங்கேயிருந்து வந்ததுதான். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் "காளிதாஸ்" வெளியானபோது அந்தச் சீரான ஓட்டம் தமிழுக்கும் வந்துவிட்டது. எங்க ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் பல அடுத்தடுத்துப் படமானது இந்த ஓட்டத்தில்தான். 1941இல் வந்த "சபாபதி"யை இன்னைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வரும். (கமல் படத்துக்கு "பம்மல் கே. சம்பந்தம்" என்று பேர் வெச்சது யாரை நினைச்சுன்னு தெரியாதவங்க இப்போ தெரிஞ்சுக்கங்க.)

எதுக்கு இவ்வளவு சினிமா? ஃபிலிமில் ஃபிரேம்களின் தாளம் இயந்திரத்திலேயே பூட்டப்பட்டிருந்தது. எல்லா ஃபிரேமும் ஏற்கெனவே தயார், ரீலில் வரிசையா இருக்கு. அதனால் "வினாடிக்கு எத்தனை" என்று சொன்னாலே போதும், இடைவெளியும் தானாகப் புரிந்துவிடும். கேமில் அப்படியில்லை. ஃபிரேம் முன்கூட்டியே இருக்காது. நீங்க மவுஸை ஆட்டின பிறகுதான் அது வரையப்படணும். சுவரைப் பார்த்துக்கிட்டு நின்றால் சீக்கிரம் முடியும். திரும்பினால் எதிரில் காடு, தீ, புகை என்றால் நேரம் எடுக்கும். ஆனா கேம் உலகம் சினிமாவிடமிருந்து அந்த ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. அதைத் தாங்கி நின்ற பல்சக்கரம் இங்கே இல்லை.

இது பெரிசா வெடிச்சது இரண்டு கார்டு போடுகிற பழக்கத்தில். என்விடியா 2004இல் எஸ்எல்ஐ கொண்டுவந்தது, ஏடிஐ 2005இல் கிராஸ்ஃபயர். ஒரு கார்டு ஒற்றைப்படை ஃபிரேமை வரையும், இன்னொன்று இரட்டைப்படை ஃபிரேமை வரையும். எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் காட்டும். எங்க தெருவில் ஒரு அண்ணன் இருந்தார், கேம் பைத்தியம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து திரிந்து ஒரே மாதிரி இரண்டாவது கார்டு வாங்கி வந்து மாட்டினார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மூலையில் ஓடுகிற கவுண்டர் நாற்பதிலிருந்து எழுபதுக்கு ஏறியது. நாங்க நாலு பேரும் கைதட்டினோம். அவர் மட்டும் கொஞ்ச நேரம் ஆடிட்டு, "நம்பர் ஏறிடுச்சுடா, ஆனா ஆடுறப்ப முன்னாடி மாதிரியேதான் இருக்கு" என்றார். அவர் அண்ணியிடம் என்ன சொல்லி அந்தப் பணத்தை வாங்கினார் என்பது தனிக் கதை.

அவர் சொன்னதை உலகத்தில் நிறைய பேர் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. ஜெர்மன் கேமிங் வட்டாரத்தில் இதற்கு "மைக்ரோருக்லர்" என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். நுண்ணிய திக்கல்னு சொல்லலாம். கணக்கு எளிது. இரண்டு கார்டும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்ளாமல் வரைந்தால், ஒரு ஃபிரேம் வந்து 5 மில்லி செகண்டில் அடுத்தது வந்துவிடும்; பிறகு 28 மில்லி செகண்ட் சும்மா. திரும்ப 5, திரும்ப 28. இரண்டு ஃபிரேமுக்கு 33 என்பதால் சராசரி 60 எஃப்பிஎஸ். கண்ணுக்குக் கிடைப்பது 30க்குப் பக்கத்தில்தான். ஆனா ரிவ்யூக்களில் அச்சானது 60. "எனக்கு அப்படித் தெரியலையே" என்று சொன்னவருக்கு "உன் கண்ணில் கோளாறு" என்பதுதான் பதில்.

2011 செப்டம்பரில் அமெரிக்காவின் டெக் ரிப்போர்ட் தளத்தை நடத்திய ஸ்காட் வாசன், "வினாடிக்கு உள்ளே" என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே விஷயம் இருக்கு. எல்லோரும் ஒரு வினாடியை ஒரு பெட்டியாக வைத்து உள்ளே எத்தனை ஃபிரேம் என்று எண்ணினார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் ஒரு வினாடி என்பது யுகம். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்ப்போம் என்றார் அவர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதற்கு அவர் புதுக் கருவி எதையும் செய்யலை என்பது. எல்லாரும் பயன்படுத்திய ஃபிராப்ஸ் மென்பொருளிலேயே ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் பதிவு செய்கிற வசதி இருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து, வரைபடமாகப் போட்டார். சராசரியில் ஒன்றுபோல் இருந்த கார்டுகள், வரைபடத்தில் ஒன்று நேர்கோடாகவும் இன்னொன்று முள்ளுச் செடியாகவும் தெரிந்தன.

கூடவே இரண்டு அளவுகளைக் கொடுத்தார். ஒன்று, 99ஆம் பெர்சென்டைல்: நூறு ஃபிரேமை வேகத்தின்படி வரிசையில் நிறுத்தினால் தொண்ணூற்றொன்பதாவது எவ்வளவு நேரம் எடுத்தது? அதாவது, கடைசி ஒன்றை விட்டால் மற்றதெல்லாம் இதற்குள் முடிந்துவிடும் என்ற உத்தரவாதம். இன்னொன்று, 50 மில்லி செகண்டைத் தாண்டிய ஃபிரேம்கள் அந்த எல்லைக்கு மேல் மொத்தம் எவ்வளவு நேரத்தை விழுங்கின. இரண்டாவதுதான் எனக்கு நேர்மையான அளவாகப் படுது. உங்க வாழ்க்கையில் எவ்வளவு நேரம் எரிச்சலில் போச்சு என்று கேட்கிற மாதிரி.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லைன்னு 2012 டிசம்பரில் தெரிந்தது. ரேடியான் எச்டி 7950யையும் ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 660 டிஐயையும் டெக் ரிப்போர்ட் மறுபடி ஒப்பிட்டது. ஒற்றைக் கார்டுகள், இரட்டைக் கார்டு குழப்பம் எதுவும் இல்லை. சராசரி எஃப்பிஎஸ்ஸில் ரேடியான் பின்தங்கவில்லை. ஆனா ஃபிரேம் நேரத்தில் முள் முள்ளாகக் குத்தியது. நம்பாதவர்களுக்காக வாசன் ஸ்கைரிம் கேமை இரண்டு கார்டிலும் ஓட்டி, வேகக் கேமராவில் எடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டினார். அப்போதான் வாக்குவாதம் அடங்கியது. ஏஎம்டி பிரச்சினையை ஒப்புக்கொண்டு, ஜனவரி முதல் டிரைவரைத் திருத்தத் தொடங்கியது.

ஆனால் ஃபிராப்ஸுக்கும் ஒரு எல்லை இருந்தது. கேம் "இந்த ஃபிரேம் ரெடி" என்று விண்டோஸிடம் ஒப்படைக்கிற இடத்தில்தான் அது நேரம் பார்க்கும். பீச் ஸ்டேஷனில் ரயில் கிளம்பிய நேரத்தை மட்டும் குறிப்பது மாதிரி. நடுவில் டிரைவர் இருக்கு, கார்டு இருக்கு, கேபிள் இருக்கு. பல்லாவரத்துக்கு எப்போ வந்து சேர்ந்தது?

அதைப் பார்க்க வந்தது எஃப்கேட். 2013 மார்ச்சில் வெளியானது. பிசி பெர்ஸ்பெக்டிவ் தளத்தின் ரயன் ஷ்ரவுட் இதை வைத்துத்தான் "ஃபிரேம் ரேட்டிங்" என்ற பெயரில் தொடர்ந்து எழுதினார். யோசனை ரொம்ப அழகு. ஒவ்வொரு ஃபிரேமின் இடது ஓரத்திலும் ஒரு நிறப் பட்டை ஒட்டப்படும். பதினாறு நிறம், மாறாத வரிசை. கார்டிலிருந்து மானிட்டருக்குப் போகிற சிக்னலை அப்படியே இன்னொரு கம்ப்யூட்டரில் பதிவு செய்வார்கள். பிறகு ஒரு நிரல் அந்த வீடியோவில் எந்த நிறம் எத்தனை வரி உயரத்துக்கு இருக்கு என்று எண்ணும். உயரம்தான் நேரம். ஒரு நிறம் வரிசையில் காணோம் என்றால் அந்த ஃபிரேம் திரைக்கே வரலை. சில வரி மட்டும் தெரிந்தால் அது குறைப்பிறவி; "ரண்ட்" என்று பேர் வைத்தார்கள். கவுண்டரில் முழு ஃபிரேமாக எண்ணப்படும், கண்ணுக்கு ஒரு நூல் அளவுதான்.

செலவும் சாதாரணமில்லை. 2560க்கு 1440 திரையை வினாடிக்கு 60 தடவை சுருக்காமல் பதிவு செய்தால் வினாடிக்கு 650 எம்பிக்கு மேல் எழுத வேண்டும். 2013இல் அதற்கு எஸ்எஸ்டிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் உலகத்தில் வெகு சிலரே இதைச் செய்தார்கள்.

முடிவு? பேட்டில்ஃபீல்ட் 3 போன்ற கேம்களில், அந்த நூல் அளவு ஃபிரேம்களைக் கழித்துப் பார்த்தால், இரண்டு ரேடியான் சேர்ந்தும் ஒரு ரேடியானுக்கு மேல் பெரிதாக எதுவும் தரவில்லை. எங்க தெரு அண்ணன் கண் சரியாத்தான் வேலை செய்தது.

இங்கே நாம கொஞ்சம் சந்தேகப்படவும் வேணும். எஃப்கேட்டைச் செய்தது யார்? என்விடியா. போட்டிக் கம்பெனி. 2012 மேயில் ஜிடிஎக்ஸ் 690 வந்தபோதே, ஃபிரேம்களைச் சீராக விடுகிற ஏற்பாடு கார்டுக்குள்ளேயே இருக்குன்னு அவங்க சொல்லியிருந்தாங்க. தனக்குச் சாதகமான இடத்தை அளக்கிற கோலை எதிரிக்கு எதிராக இலவசமாகக் கொடுப்பது தர்மம் இல்லை, வியாபாரம். ஆனா கோல் சரியா என்பதுதான் கேள்வி. பல ரிவ்யூவர்கள் தனித்தனியாகச் சோதித்தார்கள். கோல் சரியாகத்தான் இருந்தது.

ஏஎம்டி சொன்ன பதிலும் சுவாரசியமானது. 2013 மார்ச்சில் ஆனந்த்டெக் தளத்திடம் அவர்கள் சொன்னதன் சாரம்: நாங்க ஃபிரேம் ரேட்டைத்தான் ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தோம், இடைவெளியை அளக்கலை. தாமதம் குறையணும்னு ஃபிரேம் தயாரானதுமே வெளியே தள்ளினோம். இதில் கெட்ட எண்ணம் எதையும் நான் பார்க்கலை. ரிவ்யூவில் எந்த நம்பர் அச்சாகுதோ அந்த நம்பரை ஏற்றத்தான் இன்ஜினியருக்குச் சம்பளம். நம்ம பள்ளிக்கூடங்கள் சதவீதத்தை ஏற்றுகிற மாதிரி.

2013 ஆகஸ்ட் 1 அன்று கேட்டலிஸ்ட் 13.8 பீட்டா டிரைவர் வந்தது. அதில் ஃபிரேம் பேசிங் என்று ஒரு சுவிட்ச். இரண்டாவது கார்டின் ஃபிரேமைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து, சீரான இடைவெளியில் விடுகிற வேலை. எஃப்பிஎஸ் ஏறவே இல்லை, ஆனா கேம் ஸ்மூத் ஆனது! முதலில் 2560க்கு 1600 வரையிலான திரைக்கும் டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்களுக்கும் மட்டும். அதே அக்டோபரில் வந்த ஆர்9 290எக்ஸ் கார்டு, 4கே திரைக்கும் இதைச் சரிசெய்தது. அதே மாதம் என்விடியா ஜி-சிங்க் அறிவித்தது. ஃபிரேம் எப்போ தயாரோ அப்போ மானிட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வாசனை 2015 டிசம்பரில் ஏஎம்டியே வேலைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு கார்டு பழக்கமோ மெல்லச் செத்துப்போனது.

சரி, கதை முடிஞ்சதா? உங்க போனைப் பாருங்க. ஒரு 30 எஃப்பிஎஸ் கேம் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமும் சரியா இரண்டு துடிப்பு நிற்கணும். ஒன்று, மூன்று, இரண்டு என்று மாறி மாறி நின்றால் சராசரி 30தான், ஆனா பார்க்கத் தலைவலி. பிளேஸ்டேஷன் 4இன் "பிளட்போர்ன்" இதற்குப் பேர்போனது. ஆண்ட்ராய்டில் இதைச் சரிசெய்ய கூகுளே 2019 வாக்கில் ஃபிரேம் பேசிங்குக்கு என்று ஒரு நூலகம் வெளியிட்டது. பிஜிஎம்ஐயில் 90 எஃப்பிஎஸ் போட்டும், பத்து நிமிஷத்தில் போன் சூடாகித் திக்க ஆரம்பித்தால், நிலையா ஓடுகிற 60 எவ்வளவோ மேல்.

கம்ப்யூட்டரிலோ பழைய பேய் புது வேஷத்தில் வந்திருக்கு. 2022இல் டிஎல்எஸ்எஸ் 3 வந்ததிலிருந்து, வரைந்த இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஏஐ ஒன்றைச் சொருகுகிறது. 2025இன் டிஎல்எஸ்எஸ் 4இல் மூன்று வரை. அப்போ அந்தச் சொருகின ஃபிரேம் எப்போ திரைக்குப் போகணும்? ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் அந்த வேலையை மானிட்டருக்கு அனுப்புகிற பகுதியின் வன்பொருளுக்கே மாற்றிட்டாங்க. "ஃபிளிப் மீட்டரிங்" என்று பேர். கேம் ஒப்படைக்கிற இடத்தில் அளந்தால் இதில் ஒன்றும் தெரியாது. திரையில் மாறுகிற இடத்தில்தான் அளக்கணும். எஃப்கேட் கற்றுக்கொடுத்த அதே பாடம்.

கார்டு வாங்கப் போறீங்கன்னா, ரிவ்யூவில் சராசரிக்குப் பக்கத்தில் "1 சதவீத லோ" என்று ஒரு கட்டம் இருக்கும். வாசனின் 99ஆம் பெர்சென்டைலுக்குச் சொந்தக்காரன் அது. சில பேர் மோசமான ஒரு சதவீத ஃபிரேம்களின் சராசரியைப் போடுவாங்க, சில பேர் எல்லைக்கோட்டை மட்டும் போடுவாங்க. அதனால் ஒரு தளத்தின் எண்ணை இன்னொரு தளத்தோடு ஒப்பிடாதீங்க. ஃபிரேம் நேர வரைபடம் போடுகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுங்க. வீட்டிலேயே பார்க்கணும்னா கேப்ஃபிரேம்எக்ஸ் இலவசம். உள்ளே இன்டெலின் பிரசன்ட்மான் ஓடும். ஒரு சுற்று ஆடிட்டு கோட்டைப் பாருங்க. முள் நிறைய இருந்தால் புதுக் கார்டுக்கு முன்னாடி ஃபிரேம் ரேட்டுக்கு ஒரு வரம்பு போட்டுப் பாருங்க. எழுபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் குதிக்கிற கேமை ஐம்பதில் கட்டினாலே நிறைய முள் மறையும். அதற்கு ஒரு பைசா செலவில்லை.